ஒரு முஷ்டி இடைவெளி

"நெருப்பை மனுஷன் கண்டுபிடிச்சான். குளிரை நான் கண்டுபிடிச்சேன்."

இதை விஞ்ஞானி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில், வாயில் இருந்த கவளத்தை விழுங்காமலே சொன்னார். விழுங்கிவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த அளவு பெரிய உண்மையைக் காக்க வைப்பது நியாயமில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மேஜையில் இருந்த மற்ற இருவரில் ஒருத்தி அவருடைய மனைவி. இன்னொருத்தி மனைவியின் தங்கை. இருவரும் தண்ணீர் குடித்தார்கள். பதில் சொல்ல விருப்பமில்லாதபோது தண்ணீர் குடிப்பது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டிருந்தது. ஒரு நாளைக்கு நாலு குடம் தீர்ந்தது.

விஞ்ஞானி விஞ்ஞானி அல்ல. இறைச்சிக்கூடத்தில் பத்து வருஷம் தராசுப் பக்கம் நின்று எடை எழுதியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளிரறைப் பொறுப்பாளராக இருந்தவர் ஓய்வு பெற்றுப் போக, அந்த நாற்காலியில் உட்கார ஆள் கிடைக்காமல் இவரை உட்கார வைத்தார்கள். குளிரறையில் சரக்கு தள்ளுகிற ஆட்கள் அவருக்கு விஞ்ஞானி என்று பெயர் வைத்தார்கள். எந்த எண்ணத்தில் வைத்தார்கள் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவர் அந்தப் பெயரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். போன் வந்தால், "விஞ்ஞானி பேசறேன்" என்றுதான் எடுப்பார்.

அவர் கண்டுபிடித்தது என்ன என்று சொல்லிவிட வேண்டும்.

மாட்டை அறுத்து, உரித்து, முதுகெலும்போடு இரண்டாகப் பிளந்தால் கிடைக்கும் ஒவ்வொன்றையும் அங்கே 'பாதி' என்பார்கள். பாதி சூடாகத்தான் வரும். தொடையின் ஆழத்தில் நல்ல காய்ச்சல்காரனின் சூடு இருக்கும். மறுநாளைக்குள் அந்தச் சூடு ஏழு டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். அதற்காகக் குளிரறையில் கூரைக்குக் கீழே ஓடும் இரும்பு ரெயில்களில் கொக்கி போட்டுப் பாதிகளைத் தொங்கவிட்டு, ஒரு கோடியிலிருந்து குளிர்க்காற்றை ஊதுவார்கள். காற்று சூட்டை எடுத்துக்கொண்டு போகும். போகிற போக்கில் மேல்பரப்பையும் உலர்த்திவிடும். கிருமிக்குக் குளிரும் பிடிக்காது, வறட்சியும் பிடிக்காது. இரண்டும் சேர்ந்தால் அது பெருகுவதை ஒத்திவைக்கும். குளிரறையின் மொத்தத் தத்துவமே இவ்வளவுதான்.

ஆனால் உலர்ந்தால் எடை குறையும். சாயங்காலம் நூறு கிலோ இருந்த பாதி காலையில் தொண்ணூற்றெட்டு இருக்கும். பத்து வருஷம் தராசில் நின்ற மனுஷனுக்கு, தன் கண் முன்னால் இரண்டு கிலோ காற்றோடு போவது, யாரோ தன் சட்டைப் பையில் கைவிடுவது மாதிரி இருந்தது. அவர் யோசித்தார். காற்றுதானே எடையைத் தூக்கிக்கொண்டு போகிறது? காற்றுக்கு வழியே இல்லாமல் அடித்துவிட்டால்?

அடித்துவிட்டார். ஒரு ரெயிலுக்கு நாற்பத்திரண்டு பாதி தொங்கிய இடத்தில் அறுபது தொங்கவிட்டார். பண்டிகைக்கு ஊருக்குப் போகும் பஸ் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. எடை இழப்பு இரண்டு கிலோவிலிருந்து ஒரு கிலோவாகக் குறைந்தது. இடமும் மிச்சம், எடையும் மிச்சம். முதலாளி சந்தோஷப்பட்டு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார். விஞ்ஞானி தன் கண்டுபிடிப்புக்கு 'நெருக்க முறை' என்று பெயர் சூட்டி, குளிரறைக் கதவில் ஒரு பலகை மாட்டினார். 'நெருக்கமே நலம்' என்று அதில் எழுதியிருந்தது. கீழே ஒரு படமும் இருந்தது. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வது மாதிரி. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

கிருமி பற்றி அவருக்கு ஒரு கருத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தை வீணடிக்கக் கூடாது என்பது அந்தக் கருத்து.

இனி கொழுந்தியா. மனைவியின் தங்கை, மாடியறையில் தன் புருஷனோடு குடியிருப்பவள். கிருமியியல் படித்துவிட்டு ஐந்து வருஷம் வேலைக்கு அலைந்து, பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் இருக்கும் ஒரே ஆய்வகமான இந்த இறைச்சிக்கூடத்து ஆய்வகத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலை வாங்கியிருந்தாள். தினமும் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எஃகுச் சட்டத்தைப் பாதியின் மேல் வைத்து, அந்தச் சதுரத்துக்குள் ஈரப் பஞ்சால் குறுக்கே பத்துத் தடவை, நெடுக்கே பத்துத் தடவை தேய்த்து, கண்ணாடித் தட்டில் தடவி, சூட்டுப் பெட்டியில் இரண்டு நாள் வைத்து, முளைக்கும் புள்ளிகளை எண்ணுவது அவள் வேலை. அதனால் அவளுக்குப் பஞ்சு என்று பெயர். அதுவும் விஞ்ஞானி வைத்ததுதான்.

பஞ்சுவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேலைக்கு வந்த முதல் வாரம், நெருக்க முறை வருவதற்கு முன்னால் ஆரம்பித்தது. காலையில் புதுக் கையுறை போட்டுக்கொண்டு, முஷ்டியை மடக்கி, இரண்டு பாதிகளுக்கு நடுவில் எதிலும் படாமல் விட்டுப் பார்ப்பாள். போய் வந்தால் சரி. போகாவிட்டால் தள்ளுகிற ஆளைக் கூப்பிட்டு நகர்த்தச் சொல்வாள். ஒரு முஷ்டி இடம் இருந்தால் காற்று போகும், காற்று போனால் உலரும். இவ்வளவுதான் அவள் கணக்கு.

விஞ்ஞானிக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடைத்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும், குளிரைக் கண்டுபிடித்த செய்தியை அறிவித்த கையோடு, மேஜையில் இருந்த டம்ளர்களை வரிசையாக வைத்து, நடுநடுவே முஷ்டியை விட்டுக் காட்டினார். குரலையும் மெலிசாக்கிக்கொண்டார். "தள்ளி நில்லுங்க பிள்ளைங்களா, மூச்சு முட்டும். ஏய் மூணாவது பாதி, உனக்குத்தான் சொல்றேன், இடிக்காதே." ஒரு டம்ளர் உருண்டு தண்ணீர் அவருடைய மடியிலேயே கொட்டியது. அவர் அதையும் பஞ்சுவின் கணக்கில் எழுதினார்.

திங்கட்கிழமை சரக்கு வாங்குகிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. போன மாதம் அனுப்பிய இரண்டு வண்டிச் சரக்கும் ஐந்தாம் நாளே பிசுபிசுத்து வாடை வந்துவிட்டது, இன்னொரு வண்டி இப்படி வந்தால் உறவு முடிந்தது என்று எழுதியிருந்தார்கள். பஞ்சு இதையேதான் மூன்று வாரமாக அறிக்கையில் எழுதிக்கொண்டிருந்தாள்: பாதியும் பாதியும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் புள்ளிகள் எண்ண முடியாத அளவு. அந்த அறிக்கைகள் விஞ்ஞானியின் மேஜை வரை வந்து, அங்கே டீ டம்ளருக்கு அடியில் ஓய்வெடுத்தன.

முதலாளி கேட்டதும் விஞ்ஞானி ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. ஒரு கடுதாசி எழுதினார். அழகான கையெழுத்து, தராசில் வந்த பழக்கம். தினமும் ஒருத்தி எல்லாப் பாதிகளுக்கு நடுவிலும் கையை விட்டுக்கொண்டே போனால் கிருமி பரவாமல் என்ன செய்யும், ஆகவே ஆய்வக உதவியாளரைக் கை அசுத்தம் என்ற காரணம் குறிப்பிட்டு, தற்காலிகக் காலம் முடிகிற வெள்ளிக்கிழமையோடு அனுப்பிவிடலாம் என்று முடித்திருந்தார்.

வேலை போவது ஒரு பக்கம். ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவளுக்குக் கை அசுத்தம் என்று எழுதிக் கொடுப்பது, டிரைவருக்குக் கண் தெரியாது என்று எழுதிக் கொடுப்பது மாதிரி. அந்தக் காகிதத்தோடு அவள் இனி எந்த ஆய்வகத்தின் படியும் ஏற முடியாது. விஞ்ஞானிக்கு இது தெரியாமல் இல்லை. பெரிய கண்டுபிடிப்புகளுக்கு நடுவில் இப்படிச் சின்ன சங்கடங்கள் வரத்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில், மாடிப்படியில் நின்றுகொண்டு பஞ்சு கேட்டாள்.

"மாமா, உங்க ரெயில்ல அறுபது தொங்குது. அதுல என் கை நுழையவே இல்லையே. நுழையாத கை எப்படி அழுக்காக்கும்?"

விஞ்ஞானி செருப்பைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது, ஆனால் அது அவளுக்குப் புரியாது என்றார். புரிகிற மாதிரி சொல்லச் சொன்னாள் மனைவி. நேரம் வரும்போது சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் முதலாளி விஞ்ஞானி, பஞ்சு இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதலாளிக்குக் கிருமியைப் பற்றியும் தெரியாது, கையெழுத்தைப் பற்றியும் அக்கறை கிடையாது. மூன்றாவது வண்டி திரும்பி வரக் கூடாது. அது மட்டும்தான். குளிரறையில் இரண்டு டிகிரி என்று விஞ்ஞானி ஆரம்பித்தார். இரண்டு டிகிரியில் எந்தக் கிருமி பிழைக்கும், நாமே சட்டை மேல் சட்டை போட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறோம் என்றார்.

"ரெண்டு டிகிரி காத்துக்கு, மாமா. ஒட்டிக்கிட்டு நிக்கிற இடத்துக்குக் காத்தே போகல. அங்க சூடும் இருக்கு, ஈரமும் இருக்கு," என்றாள் பஞ்சு. பிறகு முதலாளியைப் பார்த்து, வாதம் வேண்டாம், ஒரு நாள் சோதனை போதும் என்றாள். ஒரு ரெயிலில் முஷ்டி இடைவெளி விட்டு நாற்பத்திரண்டு. பக்கத்து ரெயிலில் மாமா முறைப்படி அறுபது. மறுநாள் இரண்டிலிருந்தும் பஞ்சில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்போதும் இவள்தானே எடுப்பாள், இவள் கைதானே என்று விஞ்ஞானி சிரித்தார்.

"நான் தொட மாட்டேன். நீங்களே எடுங்க."

விஞ்ஞானியின் முகம் மலர்ந்தது. இந்தக் கட்டடத்தில் தன் கையைவிடச் சுத்தமான கை கிடையாது என்றார். அதோடு நிற்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, தன் கடுதாசியின் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: 'மாதிரியில் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் அது மாதிரி எடுத்தவரின் கை அசுத்தத்தையே காட்டும்.' கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அடியில் கோடும் போட்டார். தூண்டில் முள்ளைத் தானே வாங்கி, தானே புழு மாட்டி, தானே கடித்துக்கொண்ட மீனை முதலாளி அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அவருக்கும் அது மீன் என்று அப்போது தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் விஞ்ஞானி எடுத்த மாதிரியை, தள்ளுகிற ஆட்கள் இன்றைக்கும் டீ நேரத்தில் நடித்துக் காட்டுகிறார்கள். இரண்டு தடவை குளித்துவிட்டு வந்திருந்தார். புதுக் கையுறை, புது முகமூடி, தலையில் பிளாஸ்டிக் குல்லா. ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி இரண்டு கைகளையும் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவைப் பிட்டத்தால் தள்ளித் திறந்து உள்ளே போனார். பஞ்சு நாலடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். செய்முறைத் தாளைப் பார்த்துப் பார்த்து அவர் ஒரு வரிகூட விடாமல் செய்தார். சட்டத்தை வைத்தார். குறுக்கே பத்து, நெடுக்கே பத்து. வாய் விட்டு எண்ணினார். நெருக்க ரெயிலில் ஒட்டிக்கொண்டிருந்த பாதிகளைப் பிரிப்பதற்கு மட்டும் ஒரு ஆள் தேவைப்பட்டது. பிரிக்கும்போது ஈரத்தாளைப் பிய்ப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது. விஞ்ஞானி அந்தச் சத்தத்தைக் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். முகமூடி அதற்கு உதவியாக இருந்தது.

ஒரு ரெயிலுக்கு மூன்று, மொத்தம் ஆறு மாதிரி. முடிந்தது என்று கையை இறக்கப் போனவரிடம், இன்னும் ஒன்று இருக்கிறது என்றாள் பஞ்சு. எதையுமே தொடாத வெறும் பஞ்சு ஒன்றை அதே கையால் உறையிலிருந்து எடுத்து, அப்படியே ஏழாவது தட்டில் தடவ வேண்டும். எதற்கு என்று கேட்டார். வழக்கம் என்றாள். ஒன்றுமில்லாததைச் சோதிக்கிற படிப்புக்கு மூன்று வருஷம் காலேஜ் வேறா என்று கேட்டு, தள்ளுகிற ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, அதையும் செய்தார். தட்டுகளின் அடியில் எண்ணும் கையெழுத்தும் அவரே போட்டார். சூட்டுப் பெட்டியைப் பூட்டி, சாவியை முதலாளி தன் மேஜைக்குள் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளும் மனைவி அவரோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார். அவள் செய்தது வேறு. புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவருடைய நாற்காலி மட்டும் மேஜையிலிருந்து தள்ளிச் சுவரோரமாகப் போடப்பட்டிருந்தது. தட்டு ஒரு முக்காலியின் மேல் இருந்தது. ஏன் என்று கேட்டார்.

"காத்து போகட்டும்னுதான்."

அவள் சொன்னது அவ்வளவுதான். வியாழக்கிழமை நாற்காலி இன்னும் ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. பஞ்சு மாடியிலிருந்து சாப்பிட வரவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குக் கொண்டுபோக வேண்டிய பையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். ஆய்வகத்தில் இருக்கும் தன் சாமான்களை எடுத்து வருவதற்கு. விஞ்ஞானி அந்தப் பையைக் கொடியில் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்த வீட்டில் வெயில் சரியாக அடிப்பதில்லை என்று பொதுவாக ஒரு கருத்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதலாளி பெட்டியைத் திறந்து ஏழு தட்டுகளையும் மேஜையில் பரப்பினார். எண்ணுவதற்குப் படிப்பு தேவைப்படவில்லை. முஷ்டி ரெயிலின் மூன்று தட்டுகளில் பதினொன்று, பதினாலு, ஒன்பது புள்ளிகள். நெருக்க ரெயிலின் மூன்று தட்டுகளில் யாரோ கை நிறைய மணலை அள்ளி வீசினது மாதிரி இருந்தது. ஒன்றில் புள்ளிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, நெருக்க முறைப்படியே வாழ்ந்துகொண்டிருந்தன.

முதலாளி அந்தத் தட்டைத் திருப்பி அடியில் பார்த்தார். அழகான கையெழுத்து. மேஜை இழுப்பறையிலிருந்து கடுதாசியை எடுத்தார். கடைசி வரியை மெதுவாகப் படித்தார். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் அது மாதிரி எடுத்தவரின் கை அசுத்தத்தையே காட்டும். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ இன்னைக்கு யாரை அனுப்பறது?"

விஞ்ஞானி தன் கைகளைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் இதே கட்டடத்துக்கு உழைத்த கைகள். அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் முதலில் மேஜை மேல் வைத்தார், பிறகு மடியில் வைத்தார், பிறகு தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தட்டில் கோளாறு இருக்கலாம் என்றார். பெட்டியில் கோளாறு இருக்கலாம் என்றார். மாதிரி எடுத்த பஞ்சை வாங்கிய கடையைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றார். முதலாளி கடுதாசியின் அடியில் போட்டிருந்த கோட்டின் மேல் விரலை மட்டும் ஓட்டினார்.

பஞ்சு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தாலே போதும். அவளுடைய காகிதம் அவருடைய காகிதமாகிவிடும். துவைத்த பையை அவரே எடுத்துக்கொண்டு போகலாம். அவள் ஏழாவது தட்டை எடுத்து முதலாளி பக்கம் நகர்த்தினாள். அது கழுவி வைத்த மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"மாமா கை சுத்தம்தான், சார். நான் நாலடியில நின்னு பாத்தேன். இது அதே கையால வெறும் பஞ்சுல எடுத்தது. ஒண்ணுமே முளைக்கல."

விஞ்ஞானிக்கு உயிர் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அப்பவே சொன்னேனே, என் கை சுத்தம்னு," என்றார். முதலாளியைப் பார்த்துத் தலையைக் கூட ஆட்டினார்.

பிறகுதான், மாடிப்படியில் கடைசிப் படி இல்லாத இடத்தில் கால் வைத்தவர் மாதிரி, அவருக்கு அது மெல்லப் புரிந்தது. கை சுத்தம் என்றால் கிருமி கையிலிருந்து வரவில்லை. கையிலிருந்து வரவில்லை என்றால் ரெயிலிலிருந்து வந்தது. ரெயில் அவருடையது. அந்த அறையில் இருந்த மூன்று பேரில் இருவர் இதை முன்னமே புரிந்துகொண்டு, மூன்றாமவருக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்கள். சுவரில் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. விஞ்ஞானிக்குப் பரிசளித்த கடிகாரத்தோடு அதே கடையில் வாங்கிய இன்னொரு கடிகாரம்.

முதலாளி கடுதாசியை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். பஞ்சுவிடம் மத்தியானம் வந்து நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போடச் சொன்னார். விஞ்ஞானியிடம், நாளையிலிருந்து நாற்பத்திரண்டு என்றார். எடை என்று ஆரம்பித்தவரை ஒரு பார்வை பார்த்தார். எடை அங்கேயே நின்றது.

இத்தோடு அவர் அடங்கினார் என்று நினைக்க வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தள்ளுகிற ஆட்களிடம், நெருக்க முறை தோற்கவில்லை, அதன் முதல் கட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது, இரண்டாம் கட்டத்தில் இடைவெளி விடுவது என்று தான் ஆரம்பத்திலேயே திட்டமிட்டிருந்ததாக விளக்கினார். மனிதன் நெருப்பை அணைக்கக் கற்றுக்கொண்டதும் பிறகுதானே என்று கேட்டார். அவர்கள் டீ குடித்தார்கள். ராத்திரி வீட்டில் நாற்காலி மேஜையருகே திரும்ப வந்திருந்தது. அவர் அதில் உட்கார்ந்து கொழுந்தியாவுக்குத் தண்ணீர் ஊற்றினார். கொஞ்சம் சிந்தியது. அதைத் தன் துண்டால் தானே துடைத்தார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பஞ்சு எஃகுச் சட்டமும் பஞ்சு டப்பாவுமாகக் குளிரறைக்கு வந்தாள். கதவில் பலகையைக் காணோம். ஆணி மட்டும் இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கதவின் வட்டக் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சட்டைக் கையால் துடைத்துப் பார்த்தாள்.

மூன்றாவது ரெயிலின் நடுவில் விஞ்ஞானி இருந்தார். புதுக் கையுறை. முஷ்டியை மடக்கி ஒரு பாதிக்கும் அடுத்த பாதிக்கும் நடுவில் எதிலும் படாமல் விட்டு, எடுத்து, ஒரு அடி நகர்ந்து, மறுபடி விட்டார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் போலிருந்தது. ஓரிடத்தில் முஷ்டி நின்றுவிட்டது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்தார். ஆள் இல்லை என்று தெரிந்ததும், மேலே கொக்கியைப் பிடித்துப் பாதியை ஒரு சாண் நகர்த்திவிட்டு, கையுறையை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி விட்டுப் பார்த்தார். போய் வந்தது.

பஞ்சு கதவைத் திறக்கவில்லை. அவர் ரெயிலின் கோடி வரை போய்ச் சேரும் வரைக்கும் வெளியில் நின்று, பிறகு டப்பாவைக் கதவில் இடித்துச் சத்தம் பண்ணிக்கொண்டு உள்ளே போனாள். அவர் அப்போது தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், மிகவும் கவனமாக.

அவருடைய முஷ்டி அவளுடையதைவிடப் பெரியது. அன்றைக்கு அந்த ரெயிலில் முப்பத்தெட்டுத்தான் தொங்கியது.